ஊர்வலம், மறியல், மகஜர்: பட்டணத்துச் சாலையில் இறங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது மலேசியாவில் ஒரு சின்னப் பட்டணம். பெரிய சாலை ஒன்றுதான். ஒரு முனையில் பஸ் நிறுத்தம், மறுமுனையில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையம், நடுவில் தவுக்கே (சீன முதலாளி) கடைகள், இரண்டு ஒட்டுக்கடை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சூராவ் என்கிற சின்னத் தொழுகை இடம். அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். கோயில் கமிட்டியில் பல வருடம் செயலாளராக இருந்தேன், அப்புறம் இரண்டு முறை மகஜர் (கோரிக்கை மனு) கொடுக்கும் ஊர்வலத்துக்கு ஏற்பாட்டாளர் என்று கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டேன். அதனால் எவராவது சாலையில் இறங்க நினைத்தால் கோப்பிக் கடையில் என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வக்கீல் இல்லை, சொல்லிவிட்டேன்.

அண்ணே, ஊர்வலம் போக எங்கே பெர்மிட் எடுப்பது?

பெர்மிட் என்று ஒன்று இல்லை. முதலில் அந்த வார்த்தையை மறந்துவிடுங்கள்.

இது நம் ஆட்கள் வாயில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 27வது பிரிவுப்படி, பொது இடத்தில் கூட்டம் போட வேண்டும் என்றால் போலீஸிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் போய்க் கண்ணீர்ப் புகையில் கண் எரிந்து திரும்பியவர்கள் எங்கள் பட்டணத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் காலத்தில் அது பெர்மிட்தான், கேட்டும் கிடைக்காத பெர்மிட். 2012 ஏப்ரல் 23 முதல் அமைதிப் பேரணிச் சட்டம் நடப்புக்கு வந்தது. இப்போது நாம் செய்வது அறிவிப்பு. ‘இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை பேர் கூடப்போகிறோம்’ என்று தெரிவிக்கிறோம், அவ்வளவுதான். மலேசிய அரசியலமைப்பின் 10வது விதி, ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. பொது ஒழுங்குக்காக அதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் கவுண்டரில் நிற்கும்போது உதவும். ‘பெர்மிட் கிடைக்குமா ஐயா?’ என்று கேட்டால் ‘கிடைக்காது’ என்ற பதில் சுலபமாக வந்துவிடும். ‘அறிவிப்புக் கொடுக்க வந்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

எத்தனை நாளைக்கு முன்? யாரிடம்?

ஐந்து நாளைக்கு முன். ஆரம்பத்தில் பத்து நாளாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஐந்தாகக் குறைத்தார்கள். போக வேண்டியது மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, எல்லாரும் ஓசிபிடி என்கிறோமே, அவருக்குத்தான். மாவட்டத் தலைமையகம் தூரமாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷன் பொறுப்பதிகாரி வழியாகவும் அனுப்பலாம்.

என் யோசனை, ஐந்து நாளை நம்ப வேண்டாம், பத்து நாளைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு முறை (எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை) கடிதத்தை நீட்டினேன், கவுண்டரில் இருந்தவர் ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்றார். நானும் வைத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் போய்க் கேட்டால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. அன்றைக்குப் பிறகு எதைக் கொண்டுபோனாலும் இரண்டு பிரதி: ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குச் சாப் (முத்திரை), தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்து. சாப் மங்கலாக விழுந்தால் கூச்சப்படாமல் இன்னொரு முறை அடிக்கச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, மை காய்ந்து தேதியில் பாதிதான் விழுந்திருக்கிறது, 1 என்றும் படிக்கலாம் 7 என்றும் படிக்கலாம். அந்த ஒரு இலக்கத்துக்காக அரை மணி நேரம் நின்று வாதாட வேண்டியிருந்தது.

அறிவிப்பு கைக்குப் போன மூன்று நாளுக்குள் போலீஸ் பதில் தர வேண்டும். பதில் வரவில்லை என்றால், அறிவிப்பில் எழுதியபடியே கூட்டத்தை நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. இங்கேதான் அந்தச் சாப் வேலைக்கு வரும்.

பாரத்தில் என்ன எழுத வேண்டும்? மலாயில்தான் எழுத வேண்டுமா?

பாரம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏற்பாட்டாளர் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தேதி, நேரம், எவ்வளவு நேரம், இடம், நோக்கம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா. மலாயில் எழுதுங்கள், அப்போதுதான் வேலை நடக்கும். மலாய் எழுத வராத பெரியவர்களுக்கு இடைநிலைப் பள்ளிப் பிள்ளை யாராவது அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடும்.

நோக்கத்தை ஒரே வரியில் முடியுங்கள். ஒருவர் ஒன்றரைப் பக்கம் தோட்டத்து வரலாறே எழுதிக்கொண்டு வந்தார். நல்ல எழுத்துதான், ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியைக் கூட்டும். ஆள் எண்ணிக்கையைக் குறைத்தும் எழுத வேண்டாம், ஐம்பது என்று எழுதிவிட்டு முந்நூறு பேர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அறிவிப்பே கொடுக்காமல் கூடினால் ஜெயிலா?

2025 வரை இதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம் இருந்தது. சட்டத்தின் 9(5) பிரிவு. அந்தப் பிரிவு செல்லுமா என்று நீதிமன்றங்களே முன்னுக்குப் பின் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன: 2014இல் நிக் நஸ்மி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது, அடுத்த வருடம் யுனேஸ்வரன் வழக்கில் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. கடைசியில் 2025 ஜூலை 1 அன்று, எல்லாவற்றுக்கும் மேலான கூட்டரசு நீதிமன்றம், அறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மூடா கட்சியின் முன்னாள் தலைமைச் செயலாளர் அமீர் ஹரிரி தொடுத்த வழக்கு அது; போர்க்கப்பல் விவகாரத்துக்காக 2022 ஆகஸ்டில் கோலாலம்பூர் சோகோ முன் நடந்த கூட்டத்தில் ஆரம்பித்தது.

சரி, அப்படியென்றால் அறிவிப்பே வேண்டாமா என்று உடனே கேட்பார்கள். தண்டனைதான் போனது, அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு போகவில்லை. நான் இன்னமும் கொடுக்கச் சொல்கிறேன், பயத்தால் இல்லை. எங்கள் பெரிய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுக்க ஓடும். நூறு பேர் நடக்கும்போது முன்னும் பின்னும் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் லோரிக்காரன் வேகத்தைக் குறைப்பான். ஆனால் ஐந்து நாள் காத்திருக்க முடியாத விஷயங்களும் உண்டு: ராத்திரி விபத்தில் ஒரு பையன் செத்துப்போய் விடிந்ததும் சனம் சாலையோரம் வந்து நிற்கிறது, அவர்களிடம் போய்ப் பாரம் எங்கே என்று கேட்க முடியுமா? இந்தத் தீர்ப்பு அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய விஷயம்.

கோயில் தேருக்கும் இதெல்லாம் வேண்டுமா?

சமய ஊர்வலம், இறுதி ஊர்வலம், கல்யாண விருந்து, பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு, சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம், இவற்றுக்கு இந்தச் சட்டப்படி அறிவிப்புத் தேவையில்லை. மூன்றாம் அட்டவணையில் விலக்கு இருக்கிறது.

ஆனால் தேர் சும்மா ஓடிவிடாது. சாலையைப் பாதி மறிக்கப்போகிறீர்கள், உறுமி மேளம் அடிக்கப்போகிறீர்கள், ராத்திரி பதினொன்று பன்னிரண்டு வரை வீட்டுக்கு வீடு தட்டு வாங்கப்போகிறீர்கள். போலீஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாரும் மறப்பது ஒயர். எங்கள் தேரின் கலசம் தரையிலிருந்து பதினாறு அடி. சந்தை முனையில் சாலைக்குக் குறுக்கே ஒயர்கள் போகின்றன, டெலிபோன் ஒயர் எது, மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் ஒயர் எது என்று கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. பழைய காலத்தில் தேருக்கு முன் ஒருவர் நுனியில் கவட்டை கட்டிய நீள மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போவார், ஒயர் வந்ததும் கவட்டையில் மாட்டித் தூக்குவார், தேர் அடியில் நுழையும், எல்லாரும் ‘அரோகரா’ போடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பச்சை மூங்கிலில் கரண்ட் பாயும் என்று ஒரு தெனாகா ஊழியர் வந்து திட்டிய பிறகுதான் நிறுத்தினோம். இப்போது இரண்டு வாரத்துக்கு முன்பே தெனாகாவுக்கும் ஒரு கடிதம் போகிறது, கலசத்தையும் கழற்றி மாட்டுவது போல் செய்துவிட்டோம்.

மன்றத்தில் தனியாக எடுக்க வேண்டுமா?

பெர்மிட் என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் இடம் இதுதான். ஆள் கூடுவது போலீஸ் விவகாரம். கூடாரம், மேடை, கம்பத்தில் பேனர், கார் நிறுத்துமிடத்தை மறிப்பது, இதெல்லாம் மாவட்ட மன்றம் அல்லது நகராண்மைக் கழகம். இரண்டு கவுண்டர், இரண்டு வேலை. போலீஸில் கொடுத்துவிட்டோம், அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்.

கட்டணமும் வைப்புத்தொகையும் மன்றத்துக்கு மன்றம் மாறும். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறையும் வரும். பேனரை முதல்நாள் ராத்திரி கட்டி மறுநாளே அவிழ்த்துவிட்டால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். ஒரு வாரம் தொங்கவிட்டால் கிடைக்காது.

எங்கே கூடக் கூடாது?

எங்கள் மாதிரி பட்டணத்தில் பெரிய தலைவலி இதுதான். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், எண்ணெய் நிலையம், ரயில், பஸ் நிலையம், பாலம், வழிபாட்டுத் தலம், பாலர் பள்ளி, பள்ளிக்கூடம், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், இவையெல்லாம் தடை செய்யப்பட்ட இடங்கள். அந்த இடத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்கள் சாலையின் மொத்த நீளமே அரைக் கட்டைதான், அதாவது அரை மைல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நில அளவை வேலை செய்யும் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய அளவுநாடாவை ஒரு முனையில் நான் பிடிக்க, எண்ணெய் நிலைய வேலியிலிருந்து இழுத்துக்கொண்டே போனோம். ஐம்பது மீட்டர் முடியும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அங்கிருந்து பத்து எட்டு வைத்தால் சூராவின் ஐம்பது மீட்டர் ஆரம்பிக்கிறது. அது முடிவதற்குள் தமிழ்ப்பள்ளி. கடைசியில் மிஞ்சியது பழைய சினிமாக் கொட்டகை முன் இருக்கும் கார் நிறுத்துமிடமும், வெள்ளிக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போடும் திடலும்தான். கோப்பிக் கடைக்காரர் வெளியே வந்து ‘இங்கேயும் சாலை போடப்போகிறார்களா?’ என்று மலாயில் கேட்டார்.

அதனால் அறிவிப்பில் ‘பெரிய சாலை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். தொடங்கும் இடம், முடியும் இடம், நடக்கும் வழி மூன்றையும் கடைப் பெயரோடு எழுதி, கையால் வரைந்த ஒரு படத்தையும் வைத்துவிடுங்கள்.

யார் யார் வரலாம்?

ஏற்பாட்டாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கண்டனக் கூட்டத்துக்குக் கூட்டி வரக் கூடாது. சமய ஊர்வலம், இறுதி ஊர்வலம் போன்றவற்றுக்கு வரலாம். குடிமகன் அல்லாதவர் ஏற்பாடும் செய்யக் கூடாது, கலந்துகொள்ளவும் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். சம்பளம் பிடித்தாலும் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் அவர்கள் நம்மோடு நடக்க முடியாது. அவர்கள் மட்டுமா? நம் பாட்டிகள்? லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் சீவி, புருஷனை இங்கேயே புதைத்து, இன்னமும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிறவர்கள். நிரந்தரவாசி குடிமகன் இல்லை, சட்டம் அப்படித்தான் பார்க்கும். போன முறை வீட்டுப் பிரச்சினைக்கு மகஜர் கொடுத்தபோது, பாதிக்கப்பட்ட வீடுகளில் ஒன்று ஒரு பாட்டியுடையது. ‘நான் ஏன் வரக் கூடாது?’ என்று கேட்டார். விளக்கினேன். ‘அப்போ என் வீட்டுக்கு யார் பேசுவது?’ என்றார். அவருடைய பேத்திக்கு நீல அட்டை, அவள் வந்தாள். சிவப்பு அட்டைக்காரர்கள் மகஜரில் கையெழுத்துப் போடலாமா என்றால், தாராளமாக. மகஜரில் கையெழுத்துப் போடுவது பேரணி ஆகாது.

தோட்டத்துக்குள்ளேயே கூடினால்?

தோட்டம் கம்பெனி நிலம். பேரணிச் சட்டத்தின் 11வது பிரிவு, இடத்தின் சொந்தக்காரர் அல்லது அங்கே இருப்பவர் சம்மதத்தை ஏற்பாட்டாளர் வாங்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைத் திருத்தப்போவதாக 2025 பிப்ரவரியில் பிரதமர் அன்வார் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எப்படி இருந்தாலும், எந்த மேனேஜருக்கு எதிராகக் கூடுகிறீர்களோ அவரிடமே போய் இடம் கேட்பது நடக்கிற காரியமா? அதனால்தான் எல்லாரும் கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்கிறார்கள்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தை எங்கள் தாத்தாமார் பேசிக் கேட்டிருக்கிறேன். கோரிக்கைப் பட்டியலில் சம்பளம், கள்ளுக்கடையை மூடுவது இவற்றோடு இன்னும் இரண்டு இருந்தன: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியதில்லை என்பது ஒன்று, பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும் என்பது இன்னொன்று. வெள்ளைக்காரன் பட்டாளத்தை இறக்கினான், சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சைக்கிள் விஷயம் தீர்ந்துவிட்டது.

தொழிற்சங்கம் பிக்கெட் (மறியல்) செய்வதற்கும் இதே பாரமா?

இல்லை. 1967 தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் வரும் மறியல், வேலைநிறுத்தம் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அதற்கு 40வது பிரிவு: தொழில் தகராறு இருக்க வேண்டும், வேலையிடத்திலோ அதன் அருகிலோ அமைதியாக நிற்கலாம், வாசலை மறிக்கக் கூடாது, யாரையும் மிரட்டக் கூடாது. ஆதரவுக்கு வரும் வெளியாட்கள் பிக்கெட் வரிசைக்குள் நிற்க வேண்டாம். தேர்தல் பிரசாரக் கூட்டமும் தனிச் சட்டம்தான், வேட்பாளரின் ஏஜெண்டைக் கேளுங்கள்.

நிபந்தனை போட்டுவிட்டார்களே?

போடலாம். நேரம், இடம், நடக்கும் விதம், துப்புரவுச் செலவு, எதையும். எழுத்தில் வாங்குங்கள். நியாயமில்லை என்றால் உள்துறை அமைச்சருக்கு மேல்முறையீடு உண்டு, அதற்கு அவகாசம் மணிக்கணக்கில்தான், ஆகவே அன்றைக்கே எழுதிவிடுங்கள். நிபந்தனையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம். இந்தத் தண்டனை 2025 தீர்ப்பில் போகவில்லை.

அன்றே எதிர்க்கோஷ்டியும் வந்தால்?

மோதல் வரும் என்று தெரிந்தால் போலீஸ் அவர்களுக்கு வேறு நேரமோ வேறு இடமோ தரலாம். ஒரே இடத்துக்கு இரண்டு அறிவிப்பு வந்தால் முதலில் கொடுத்தவருக்கே இடம். மறுபடி அந்தச் சாப்.

முடிந்து ஒரு வாரம் கழித்துப் போலீஸ் கூப்பிடுகிறது. போக வேண்டுமா?

இது அடிக்கடி நடக்கும், பதற வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111வது பிரிவுப்படி எழுத்து மூலம் அழைப்பு வந்தால் போக வேண்டும். 112இல் வாக்குமூலம் எடுப்பார்கள். உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். முடிந்தால் வக்கீலோடு போங்கள். கைது செய்தால், உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காசில்லாதவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, தடுப்புக்காவல் விசாரணைக்கே வக்கீல் அனுப்புவார்கள்.

வாக்குமூலம் கொடுத்து முடித்ததும் முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அவர்கள் எழுதியதில் ‘மகஜர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மறியல்’ என்று இருந்தது, திருத்தச் சொன்னேன், முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

போலீஸ் அறிவிப்புக்குக் கட்டணம் இல்லை. ஒலிபெருக்கி வாடகை, தண்ணீர்ப் போத்தல், பேனர், மன்றத்தின் வைப்புத்தொகை, இவ்வளவுதான். குப்பைப் பைகளை மறக்காதீர்கள், கூடிய இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. போன முறை மூன்று பை போதும் என்று நினைத்தோம், எட்டு ஆனது. பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தல்தான், அப்புறம் யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பு.